கம்பத்தடித் தண்ணீர்

அந்த நோட்டின் முப்பத்தாறு பக்கங்களையும் நகலெடுத்துக் கொடுத்தவன் நான்தான். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடி மேல் கவிழ்த்து, மூடியை அழுத்தி, வெளிச்சம் ஓடி முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன். ஆனால் படிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் கண்டதையும் படிக்க ஆரம்பித்தால் கடை நடத்த முடியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். அந்தப் பெருமையில் பிறகு ஒரு லோடு மண் விழுந்தது.

கடை, படகுத்துறைத் தெருவின் முனையில் இருந்தது. தெரு முடிகிற இடத்தில் படிக்கட்டு, படிக்கட்டு முடிகிற இடத்தில் ஆறு. அறுபது வீடுகள் இருக்கும். பாதிப் பேர் மீன் பிடிக்கிறவர்கள், மீதிப் பேர் விடுதிகளின் விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துணிகளையும் வாங்கிவந்து துவைத்துக் கொடுக்கிறவர்கள். படிக்கட்டை ஒட்டிய கடைசி வீட்டில் அளவக்கா இருந்தாள்.

அளவக்கா என்பது தெரு வைத்த பெயர். ஆற்றுக்குள் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று நீர்வள அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது அவள் வேலை. காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை. எட்டாவது வரை படித்திருந்தாள், வீடு கம்பத்துக்கு எதிரிலேயே இருந்தது, அதனால் அந்த வேலை அவளைத் தேடி வந்தது. பதினாறு வருடமாகப் பார்த்தாள்.

அவள் அளவு பார்ப்பதை நான் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். கடைசிப் படியில் குந்தி, கண் தண்ணீர் மட்டத்துக்கு வருகிற வரை குனிவாள். காற்றடிக்கிற நாளில் அலை கம்பத்தில் ஏறி இறங்கும். அவசரப்படாமல் அப்படியே இருப்பாள். ஒரு நாள் கேட்டதற்குச் சொன்னாள், "ஏறுறதும் பொய், எறங்குறதும் பொய். நடுவுல ஒண்ணு நிக்கும் பாருங்க, அதான் அளவு." மழை பெய்தால் குடை நோட்டுக்குத்தான், அவளுக்கில்லை. மகள் கல்யாணத்தன்று பட்டுப் புடவையோடு வந்து குந்திப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரே ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்குப் புருஷன் பார்த்துச் சொன்ன எண்ணை எழுதி, பக்கத்தில் 'வேறு கண்' என்று குறித்துவைத்தாள். அப்படிப்பட்ட பொம்பளை.

புருஷன் ஓடக்காரர். அக்கரைக்கு ஆள் ஏற்றி இறக்குவார். ஒரு நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் மேலுக்குச் சரியில்லையோ என்று நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அவர் தம்பி வலைக்காரன் நேர் எதிர். தூங்கும்போதும் பேசுவான் என்று அவன் பெண்டாட்டியே சொல்வாள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிட்டார்கள். வலைக்காரன் கரையேறி வந்து முதலில் கூப்பிடுவது அண்ணியைத்தான். அவள் கையால் வைத்த குழம்பு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

பதிமூன்று வருடம் இப்படிப் போன பிறகு, மேலே மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி ஆற்றுத் தண்ணீரை வேறொரு பகுதிக்குத் திருப்பினார்கள். அங்கே பெரிய ஊர்கள், தொழிற்சாலைகள். தெருவில் பெரிதாக எதிர்ப்பு ஒன்றும் கிளம்பவில்லை. "அவங்களும் மனுஷங்கதானே, குடிக்கட்டும்" என்றார் ஓடக்காரர். அன்றைய கணக்கில் பாதி வார்த்தை அதிலேயே போயிருக்கும். அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும் நினைத்தது, எங்களுக்குப் போக மிஞ்சினதைத்தான் கொண்டுபோவார்கள் என்று.

முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஆற்றை நடந்தே தாண்டினார்கள். ஓடக்காரர் படகை இழுத்துக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். துவைக்கிறவர்கள் ஈர மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு மொண்டு துவைத்தார்கள். வெள்ளை விரிப்பெல்லாம் பழுப்பேறி, விடுதிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வலைக்காரன் மளிகைக் கடையில் கருவாடு வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனதை ஒரு நாள் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். நான் மெஷினுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்தக் கோடையில்தான் ஒரு காலை தண்ணீர் கம்பத்தைவிட்டே விலகிப் போயிருந்தது. அளவக்கா அலுவலகத்துக்கு என் கடையிலிருந்துதான் போன் செய்தாள். கம்பத்தில் தண்ணீர் தொடவில்லை, என்ன எழுதட்டும் என்று கேட்டாள். எடுத்த குமாஸ்தா அவசரத்தில் இருந்தான் போல. கம்பத்தடியில தண்ணி நிக்கிற மாதிரி சுத்தம் பண்ணி வைங்கம்மா, கட்டம் காலியா வந்தா மேல ஏத்துக்க மாட்டாங்க என்று சொல்லி வைத்துவிட்டான். கம்பத்தைச் சுற்றி மேடு தட்டிய மண்ணை வாரிப் போடச் சொல்லியிருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சொன்னது சொன்னபடி, கம்பத்தடியில் தண்ணீர் நிற்கவேண்டும் என்றே எடுத்துக்கொண்டோம்.

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அவள் இதைச் சொல்ல, "இது ஒரு வேலையா அண்ணி" என்று வலைக்காரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். கோணிகளில் மணலை நிரப்பி, ஓடுகிற கொஞ்சத் தண்ணீருக்குக் குறுக்கே கம்பத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு கட்டுப் போட்டான். தெருவே கூட இறங்கிவிட்டது. சும்மா கிடந்த கைகள் அல்லவா. இரண்டு நாளில் கம்பத்தடியில் ஒரு குளம் நின்றது. பிள்ளைகள் குதித்தார்கள், துவைக்கிறவர்கள் கல்லைத் தூக்கிவந்து ஓரத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் நாலு கோணி சுமந்தேன். சாயங்காலம் அளவக்கா குந்திப் பார்த்துத் தொண்ணூற்றைந்து என்று எழுதினாள். கம்பம் காட்டியது அதைத்தான். மழைத் தண்ணீரையும் சுரங்கமே வாங்கிக்கொண்டதால், மூன்று வருடம் கம்பம் கிட்டத்தட்ட அதைத்தான் காட்டியது. அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

தண்ணீர் வாங்கிக்கொண்ட பகுதி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று உத்தரவானது. மனுக் கொடுக்கலாம், ஆதாரம் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வலைக்காரன்தான் முன்னால் நின்றான். வேற தெருக்காரனெல்லாம் வாயாலதான் சொல்லணும், நம்ம கையில நோட்டே இருக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். சுரங்கத்துக்கு முந்தைய கணக்கு அலுவலகத்திலேயே இருந்தது. பிந்தைய மூன்று வருடத்துக்கு மாதம் ஒரு பக்கமாக முப்பத்தாறு பக்கம். அளவக்கா கைப்பட எழுதிய அழகான எண்கள். நகலெடுத்து, துளை போட்டு, நூல் கோத்துக் கொடுத்தேன். மனு வெயிட்டாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரு தடவை கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள்.

விசாரணை பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. வந்த அதிகாரி ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். குரலை உயர்த்தாமல், வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் ஒரு பொறியாளர் காகிதங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கத்துகிற அதிகாரியாக இருந்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்போமோ என்னவோ.

அந்த அம்மாள் மனுவைப் புரட்டி முடித்துவிட்டு, உங்கள் தெருவுக்கு முழு நஷ்டஈட்டில் கால் பங்கு பரிந்துரைக்கிறேன் என்றார். வலைக்காரன் காது சரியாகக் கேட்காதவன் போல முன்னால் சாய்ந்தான். ஏன் கால் என்று அவன் கேட்க, அவர் நகலையே எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சுரங்கத்துக்கு முன்னால் கோடையில் ஒரு மீட்டர் முப்பது. இப்போது தொண்ணூற்றைந்து. குறைந்தது முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான். அதுவும் மூன்று வருடமாக ஒரே சீராக நிற்கிறது, இந்த அளவுத் தண்ணீரில் மீன் இருக்கும், துணி துவைக்கலாம், படகும் ஓடும் என்றார்.

அப்போதுதான் அந்தப் பக்கங்களை நான் முதன்முதலாகப் படித்தேன். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றுநாலு. பக்கம் முழுக்க, பக்கத்துக்குப் பக்கம் அதே.  ஆற்றில் தண்ணீர் இல்லை என்று அறுபது வீடும் வாய் கிழியக் கத்திக்கொண்டிருக்க, ஆறு நன்றாக இருக்கிறது என்று எங்கள் கையாலேயே எழுதி, நூல் கோத்து, தூக்கிப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம்.

திரும்பி அளவக்காவைப் பார்த்தேன்.  எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்து வலைக்காரன் அவள் முந்தானையைப் பிடித்தான்.

"உக்காருங்க அண்ணி. கால் பங்காவது வரட்டும். பேசாதீங்க."

"முழுசா வரவேண்டியதுடா அது. என் நோட்டாலதான் காலாச்சு" என்று அவன் கையை விலக்கிவிட்டு அவள் எழுந்தாள்.

கம்பத்தடியில் கட்டுப் போட்டதை, குளம் நின்றதை, குமாஸ்தா சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டுக்குக் கீழே நாய் நனையாமல் தாண்டும் என்றாள். நான் குளத்தைத்தாங்க அளந்திருக்கேன், ஆத்த அளக்கல என்றாள்.  எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இனி முழுசாகக் கொடுக்காமல் எங்கே போவார்கள் என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப இந்த மூணு வருஷக் கணக்கு தப்புங்கறீங்க."

"ஆமாங்க."

"அதுக்கு முந்தின பதிமூணு வருஷத்தையும் எழுதினது நீங்கதானே?"

"நாந்தாங்க. அது சுத்தமான கணக்கு. அப்ப கட்டு கிடையாது."

"அது சுத்தம், இது தப்புன்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேங்க."

"உங்க கணக்க நம்ப முடியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களேம்மா" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பொறியாளரும் அவரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு முடிவைச் சொன்னார்கள். ஒருவரே எழுதிய பதிவு, அதில் ஒரு பகுதி தவறு என்று எழுதியவரே ஒப்புக்கொண்டதால் பதினாறு வருடப் பதிவும் தள்ளுபடி. எனவே ஆறு முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டை உடைத்துவிட்டுப் புதிதாக அளவு எடுக்கவேண்டும். இனி ஒரு வருடம் கம்பம் காட்டுவதன் சராசரிதான் இந்த ஆற்றின் இயல்பு நிலை. அந்த இயல்பிலிருந்து குறைந்தால், குறைந்த அளவுக்கு நஷ்டஈடு.

வலைக்காரன் மெதுவாக எழுந்தான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "அப்ப இன்னைக்கி இருக்கறத விடக் கொறஞ்சாத்தான் குடுப்பீங்களா?"

"ஆமா. பதிவு இருக்கறது அதுக்கு மட்டும்தானே."

"இன்னைக்கி ஒண்ணுமே இல்லீங்களே" என்றான்.

 அடுத்த தெருவின் மனுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து வெயிலில் நின்றோம். யாருக்கும் எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று தெரியவில்லை. உள்ளே போகும்போது எங்களிடம் கால் பங்கு இருந்தது. உண்மையைச் சொல்லி அதையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

தெருவில் யாரும் அளவக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். படியில் அவளைக் கண்டால் துவைக்கிற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வலைக்காரன் பெண்டாட்டி தனியாக ஒரு அடுப்பு வாங்கிவந்து தன் அறை வாசலில் வைத்தாள். வீட்டுக்குள் ஒரு புகை இரண்டு புகையானது. வலைக்காரன் அண்ணியைத் தாண்டிப் போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனான். அவன் பேச்சுச் சத்தம் இல்லாமல் தெருவே வேற்றூர் போல இருந்தது. ஓடக்காரர் மட்டும் வழக்கம்போல இருந்தார். அவர் பேசாமலிருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

அளவக்கா ஒரு நாள் கடைக்கு வந்தாள். விசாரணை உத்தரவை நகல் ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அதில் அவள் பதிவுகளைப் பற்றி எழுதியிருந்த 'நம்பத்தகாதவை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "பொய்னு எழுதல, பாத்தீங்களா" என்றாள். நான் ஆமாம் என்றேன். "பொய்னு எழுதியிருந்தா நான் சண்டையாவது போடலாம்" என்றாள். நகலுக்குக் காசு வேண்டாம் என்றேன். 

அந்த வாரக் கடைசியில் ஆட்கள் வந்து கட்டை உடைத்தார்கள். குளம் அரை மணி நேரத்தில் ஓடி வடிந்தது. சேற்றில் துள்ளிய விரலளவு மீன்களைப் பிள்ளைகள் பொறுக்கினார்கள். அதே கம்பத்தில் அதே மட்டத்துக்குப் பளபளவென்று அளவுக்கோடு போட்ட ஒரு புதுத் தகடு அடித்தார்கள். கூட வந்த பொறியாளர் ஒரு புது நோட்டை அளவக்காவிடம் நீட்டி, நீங்களே பாருங்கம்மா, இங்க வேற யாருக்கு இது பழக்கம் என்றார். எனக்கு வாய் திறந்தது, மூடவில்லை. நேற்று வரை எழுதியது நம்பத்தகாதது, நாளை முதல் எழுதப்போவது ஆதாரம், இரண்டும் ஒரே கை. நான் எழுதினா நம்புவீங்களா என்று அவள் கேட்டாள். இனிமே மேற்பார்வை இருக்கும், மூணு மாசத்துக்கு ஒருதடவ வருவோம் என்றார் அவர். வருவதற்கு முன்னால் போன் செய்கிறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே ஏதாவது கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொண்டார்.

பழைய நோட்டுகளை ஒரு பையில் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இனி தேவையில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். கடையில் வேலை இல்லை. யாருக்கும் எதையும் நகலெடுக்கத் தோன்றவில்லை. அளவக்கா இறங்கிவந்து குந்தினாள். தகட்டின் அடியில் ஈரம் போலத் தண்ணீர் ஓடியது. கன்னம் படிக்கல்லில் படுகிற வரை குனிந்து பார்த்தாள். "நாலு" என்றாள்.

பின்னாலிருந்து, "அண்ணி" என்று குரல் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வலைக்காரன் அந்த வார்த்தையைச் சொல்கிறான். அவள் திரும்பவில்லை. பேனாவை மட்டும் நிறுத்தினாள்.

"வருஷம் பூரா இந்தத் தகட்டுல என்ன வருதோ, அதான ஆத்தோட இயல்பு?" என்றான்.

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப ஒரு வருஷம் கட்டி வைப்போம். இங்க வேணாம், கீழ அந்த வளைவத் தாண்டி. படியிலேர்ந்து பாத்தா தெரியாது. வருஷம் முடிஞ்சதும் ஒடச்சிடுவோம். கொறஞ்சது கொறஞ்ச மாதிரி தெரியும், குடுத்துத்தான் ஆகணும்."

 சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். அளவக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரியாம செஞ்சதுக்கே என்னைய நம்பத்தகாதவள்னு எழுதிட்டாங்க. இப்பத் தெரிஞ்சே செய்யச் சொல்றியா?"

"தெரியாம செஞ்சப்பவும் அதே பேரத்தானே அண்ணி குடுத்தாங்க" என்றான்.  அவளுக்கு அடுத்த படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்திருந்த ஓடக்காரர் எழுந்தார். வீட்டுக்குள் போனார். மண்வெட்டியை எடுத்துவந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் படியில் சாய்த்து வைத்தார்.

அளவக்கா மண்வெட்டியைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள்.  பதினாறு வருடமாக அலை நிதானத்துக்கு வருகிற வரை காத்திருந்தவள், இதற்கும் அப்படியே காத்திருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, வீட்டு அலமாரி மேல் பழைய நோட்டுப் பை இருக்கிறது, சுரங்கத்துக்கு முந்தின வருஷத்து நோட்டை எடுத்துட்டு வாங்க என்றாள். ஓடிப்போய் எடுத்துவந்தேன். உறையில் தள்ளுபடி முத்திரை குத்தியிருந்தது. அவள் மாதத்தைத் தேடி விரித்து, கொழுந்தன் மடியில் வைத்தாள்.

"ஒண்ணு முப்பது. இந்த மாசம் முழுக்க அவ்வளவுதான் நின்னுச்சு. அடுத்த மாசம் ஒண்ணு நாப்பத்திரெண்டு, அப்புறம் மழைக்கு ஏறும். இதுல என்ன இருக்கோ அதுவரைக்கும் ஏத்துங்க. எறங்குற மாசத்துல எறக்குங்க. ஒரு விரக்கட கூடப் போனாலும் நான் எழுத மாட்டேன்."

"சரி அண்ணி."

"இன்னைக்கி நாலுதான். நாலுன்னுதான் எழுதுவேன்" என்று சொல்லிப் புது நோட்டில் எழுதினாள். எழுதியதைக் காற்றில் காட்டி உலர்த்தி, நோட்டை என்னிடம் கொடுத்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்து, வளைவைப் பார்த்து ஆற்றுக்குள் நடந்தாள். வலைக்காரன் கோணி தேட ஓடினான்.